காயம்பட்ட பாம்பை எடுப்பதா, விடுவதா?

ஜூன் 3 (வாசகர் ஒருவரின் கேள்வி)

வேலியில் கட்டிய நைலான் வலையில் பெரிய சாரை ஒன்று மாட்டியிருக்கிறது. நடுவுடம்பில் நூல் இறுகிச் சிவந்து தெரிகிறது. நூலை அறுத்துவிட்டால் போதாதா? காட்டு உயிர், இயற்கை பார்த்துக்கொள்ளும். எடுத்துவந்து வைத்தியம் பார்ப்பதெல்லாம் நம் மனத்திருப்திக்குத்தான் என்பது என் கருத்து.

ஜூன் 3, இரவு

நைலான் வலையை இயற்கை நெய்யவில்லை. அது செய்யாத கெடுதலை அதுவே சரிசெய்யட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மனத்திருப்தி பற்றிச் சொன்னது உண்மைதான். அடிபட்ட பாம்பு படும் பாட்டில் ஒரு பகுதி காப்பாற்ற வந்தவர்கள் கொடுப்பது. நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அது சாரைதான் என்று எப்படித் தெரியும்? வலைக்குள் சுருண்டு, மண் அப்பிக் கிடக்கும் பாம்பில் நாகத்தையும் சாரையையும் பிரித்துச் சொல்வது லேசான வேலை இல்லை. உறுதி இல்லையென்றால் கை வைக்காதீர்கள். வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற மீட்பவருக்கோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது நிழல் கொடுப்பது. நீளமான கம்பில் துணியையோ ஓலையையோ கோத்து, தள்ளி நின்று மறைப்புப் போடுங்கள். பாம்பு உடல் சூட்டைச் சமாளிப்பதே இடம் மாறி மாறித்தான். வெயிலுக்கும் நிழலுக்கும் நகர முடியாமல் கட்டுண்ட பாம்பு, நூல் அறுத்த காயத்தால் சாகும் முன்பே வெயிலில் செத்துவிடும். நாயையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தூர நிறுத்துங்கள்.

ஜூன் 4

"படம் போடுகிறேன், என்ன பாம்பு என்று சொல்லுங்கள்" என்று பலர். படத்தைப் பார்த்து "தொடலாம்" என்று நான் சொல்லமாட்டேன்.

காரணம் இரண்டு பேர். ஜோ ஸ்லோவின்ஸ்கி பாம்பு ஆய்வாளர். 2001 செப்டம்பரில் மியான்மரில், விஷமில்லாதது என்று எண்ணிய குட்டிப் பாம்பு இருந்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் இனம். மறுநாள் இறந்தார். கார்ல் ஷ்மிட் சிகாகோ அருங்காட்சியகத்தில் வாழ்நாளெல்லாம் ஊர்வனவற்றை ஆராய்ந்தவர். 1957-ல் பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க விஷப் பாம்பின் குட்டி ஒன்று அவரைக் கடித்தது. குட்டிதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்து, தன் உடலில் என்ன நடக்கிறது என்பதை நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். மறுநாள் மதியம் உயிர் போயிற்று. அவர்களுக்கே அப்படியென்றால் கைப்பேசிப் படத்தை வைத்து நான் யார்?

இன்னொன்று. செத்தது போலக் கிடக்கும் பாம்பும், ஏன், துண்டான தலையும் கூடக் கடிக்கும். ஊர்வனவற்றின் மூளையும் தசையும் குறைந்த ஆக்ஸிஜனில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். காலால் தள்ளிப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

ஜூன் 4, மாலை

கேள்வி கேட்டவர் தகவல் போட்டிருக்கிறார்: மீட்பவர் வந்தார், சாரைதான், வலையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அங்கேயே ஏன் அறுக்கவில்லை, அவருக்குத் தெரியாதோ?" என்று சந்தேகம்.

நன்றாகத் தெரிந்தவர் அவர். வேலியிலிருந்து வலையை ஒரு கைப்பிடி அளவு சேர்த்து வெட்டி, பாம்பையும் அந்தப் பொட்டலத்தையும் துணிப்பையில் போடுவதுதான் முறை. நூலை எடுப்பது மேசைமேல், வெளிச்சத்தில், இரண்டு பேர் இருக்கும்போது. தலையை ஒளி ஊடுருவும் குழாய்க்குள் விட்டுவிட்டால் கடிக்கும் பயம் இல்லாமல் வேலை நடக்கும். குழாய் பாம்பு உள்ளே திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். அகலமான குழாயில் அது யு-டர்ன் போட்டு வந்து உங்களைப் பார்க்கும். அந்தச் சந்திப்பு இருவருக்குமே பிடிக்காது.

செதில்களின் விளிம்பு வால் பக்கம் பார்த்திருக்கும். பாம்பு முன்னே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும் நூல், பின்வாங்கும்போது செதிலுக்கு அடியில் போய் மாட்டும். அதனால் வாலைப் பிடித்துப் பின்னால் இழுக்கவே கூடாது. முனை மழுங்கிய சின்னக் கத்தரியைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக நுழைத்தால் செதிலைக் கிளப்பாமல் நூலுக்கு அடியில் போகும். ஒவ்வொரு இழையாக வெட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர் பையை மட்டும் பிடித்தால் போதும்.

ஜூன் 5

இப்போது முக்கியக் கேள்விக்கு வருகிறேன்: அறுத்ததும் ஏன் விடக்கூடாது?

நூல் இறுகியிருந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்றிருக்கும். நூலை எடுத்தவுடன் தோல் ஓரளவு நன்றாகவே தெரியும். பாம்பும் சுறுசுறுப்பாகத் தப்பிக்கப் பார்க்கும். சில நாள் கழித்துத்தான் அந்த வளையத்தில் தோல் கறுத்து, காய்ந்து, உரியத் தொடங்கும். சில சமயம் அடியில் இருக்கும் தசையும் சேர்ந்து போகும். நான் கவனித்துக்கொண்ட சாரை ஒன்றுக்கு முதல் நாள் வெறும் பள்ளம் மட்டும்தான். "இதற்குப் போய் ஆஸ்பத்திரியா" என்று கூட இருந்தவர் முணுமுணுத்தார். ஒரு வாரத்தில் அந்தப் பள்ளம் உடம்பில் பாதிச் சுற்றளவுக்குப் புண்ணாகத் திறந்தது. அன்றே விட்டிருந்தால் அது ஏதாவது பொந்துக்குள் ஈக்கள் மொய்க்கக் கிடந்திருக்கும். "விட்டோம், ஜோராகப் போய்விட்டது" என்ற கதைகளில் எத்தனை இப்படி முடிந்தனவோ.

அதற்காக வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காட்டுப் பாம்பை அனுமதியின்றி வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ மீட்பு மையத்திலோ சேர்க்கும்வரை, மிஞ்சினால் ஓர் இரவு, எப்படி வைத்திருப்பது என்பதுதான் நம் வேலை.

ஜூன் 5, பின்னிரவு

அந்த ஓர் இரவுக்கு: காற்றுத்துளை போட்ட, பூட்டக்கூடிய பிளாஸ்டிக் டப்பா. அடியில் வெறும் தாள். மணல், மரத்தூள், வைக்கோல் எல்லாம் புண்ணில் ஒட்டும். ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. கவிழாத கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். இருட்டான, சத்தமில்லாத அறை. திறந்து திறந்து பார்க்காதீர்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லும் உறவினர்களுக்குப் பழைய படத்தை அனுப்புங்கள்.

ஜூன் 7

ஜூன் 5 குறிப்பைப் படித்துவிட்டு, வலையில் மாட்டிய எல்லாப் பாம்பையும் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். அதைக் கொஞ்சம் சுருக்குகிறேன். கண்ணெதிரே மாட்டி, சில நிமிடத்தில் விடுவித்து, செதில் ஒன்றுகூடப் பெயரவில்லை, வீக்கம் இல்லை, உடம்பு முழுவதும் ஒரே சீராக நெளிகிறது என்றால் அங்கேயே, நிழலான பக்கம் விடுவதுதான் நல்லது. பிடித்து அடைத்து வைப்பதே பாம்புக்குப் பெரிய அதிர்ச்சி. எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறது என்பது தெரியாவிட்டால்தான் பிரச்சினை. முந்தின நாள் இரவே மாட்டியிருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் போகட்டும். எனக்கும் இதில் தெளிவான கோடு கிடையாது. பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன்.

ஜூன் 8

"குளிர் ரத்தப் பிராணிக்கு எதற்கு வெப்பம்? குளிர்ச்சியாக வைத்தால் வலி தெரியாதே?"

நேர்மாறு. பாம்பின் நோய் எதிர்ப்பு, செரிமானம், மருந்தை உடல் ஏற்பது எல்லாமே சூட்டைப் பொறுத்தவை. 1975-ல் க்ளூகர் என்பவரும் உடன் இருந்தவர்களும் பாலைவன இகுவானா ஓணான்களுக்குக் கிருமி ஏற்றி வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். 40, 42 டிகிரி செல்சியஸில் வைத்தவை பெரும்பாலும் பிழைத்தன. 34-ல் வைத்தவை பெரும்பாலும் செத்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது, ஓணான் அதற்கு வெயிலுக்குப் போக வேண்டும். அடைத்து வைத்த பிராணிக்குப் போக வழி இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும்.

உடனே யாரும் பாம்பை 40 டிகிரியில் வைக்க வேண்டாம்! அது பாலைவனத்தில் வாழும் ஓணான். வெப்பநாட்டுச் சாரை போன்றவற்றுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 30-ஐ ஒட்டியும் மறுபக்கம் சில டிகிரி குறைவாகவும் இருந்தால் அது தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். பாம்பு தொடும் தூரத்தில் பல்பு தொங்கக்கூடாது. மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக்கல்லும் கூடாது. அடியில் வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு பல நேரம் விலகாது. வளர்ப்புப் பாம்புகளில் தீக்காயத்துக்கு இது தெரிந்த காரணம். தெர்மாமீட்டரை நம்புங்கள், உள்ளங்கையை நம்பாதீர்கள்.

ஜூன் 8, இன்னொன்று

"கட்டுப் போட்டுவிட்டேன், டைட்டாக" என்று எழுதியவருக்கு: தயவுசெய்து தளர்த்துங்கள். இப்போதே.

நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சு விட உதவும் தசை, உதரவிதானம், பாம்புக்கு இல்லை. விலா எலும்புகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. இறுக்கிச் சுற்றினால் அந்த இடத்து விலா நின்றுவிடும். இரையை நெரித்துக் கொல்லும் போவா என்ற பாம்புகளில் 2022-ல் ஒரு அழகான ஆய்வு வந்தது. உடம்பின் ஒரு பகுதியை ரத்த அழுத்தக் கருவியின் பட்டையால் இறுக்கினால், பாம்பு வேறு பகுதி விலாக்களுக்கு மூச்சை மாற்றிக்கொள்கிறது. ஆரோக்கியமான போவாவுக்கு அது முடிகிறது. அடிபட்டு, நீர் வற்றிக் கிடக்கும் பாம்பை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம்.

திறந்த புண்ணை 0.9 சதவீத உப்புக்கரைசலால் கழுவினால் போதும். வாங்கிய சலைன் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போடுவதென்றால் லேசான டீ நிறத்துக்கு நீர்க்க வைத்துப் போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் நல்ல திசுவையும் சேர்த்துக் கொல்லும். வலி மரக்கும் மருந்து கலந்த களிம்புகள் வேண்டாம். டப்பாவின் மூடி ஈ நுழையாதபடி வலைத்துணியால் மறைந்திருக்கட்டும், ஒரு இரவில் புழு வைத்துவிடும்.

ஜூன் 11

உணவு பற்றி ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். பட்டினி கிடக்கிறதே, எலி வாங்கித் தரலாமா, முட்டையை ஊற்றலாமா, பால்?

எதுவும் வேண்டாம். 2007-ல் மார்ஷல் மெக்யூ என்பவர் எலி பிடிக்கும் பாம்பு, மலைப்பாம்பு, வாலைக் கிலுகிலுக்கும் கிலுகிலுப்பை விரியன் எனப் பல பாம்புகளை ஆறு மாதம் வரை உணவின்றி வைத்து ஆராய்ந்தார். அவை உடலின் ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. வயிறு பாம்புக்கு அவசரமில்லை. தண்ணீர் அவசரம். கண் குழிந்து, தோல் மடிப்பு விழுந்து, வாயில் பிசின் போல எச்சில் இருந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரில் தலையை வெளியே வைத்தபடி கொஞ்ச நேரம் விடலாம், அதுவும் நீங்கள் கூடவே இருந்தால். உடம்பில் திறந்த புண் இருந்தால் அதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நீர் ஏறாத, சூடு ஏறாத பாம்புக்குள் இரையைத் திணித்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், அல்லது கக்கும். கக்குவது ஏற்கெனவே பலவீனமானதை இன்னும் ஒரு படி கீழே தள்ளும். பால் பாலூட்டிகளின் குட்டிகளுக்கான உணவு. பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை.

ஜூன் 15

திசை மாறிப்போனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் அதிகம். எலிக்கு வைத்த பசை அட்டையில் குட்டிப் பாம்பு ஒட்டிக்கொண்டது.

பிய்க்காதீர்கள், தோலோடு வரும். மிச்சமிருக்கும் பசைமேல் தாளைப் போட்டு மூடிவிடுங்கள், மீண்டும் ஒட்டாமல் இருக்கும். பிறகு தாவர எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒட்டிய ஓரத்திலிருந்து மெல்லத் தேய்த்துத் தேய்த்து எடுப்பது. மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் போகக்கூடாது. கடைசியில் மெல்லிய சோப்புநீரால் எண்ணெயை எடுத்து, வெறும் நீரில் அலசித் துடைத்து, சூடான இருட்டுப் பெட்டி. முன்பு சொன்ன "என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் தொடாதே" விதி குட்டிக்கும் உண்டு, சொல்லப்போனால் குட்டிக்கு அதிகமாகவே உண்டு. ஷ்மிட்டைக் கடித்ததும் குட்டிதான்.

பூனை கடித்தது, நாய் கடித்தது என்றால் வெளியே தெரியும் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டிருக்கும். ஆண்டிபயாடிக் வேண்டியிருக்கும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஜூன் 16

"இத்தனை நாள் கவனித்தால் நம்மை அடையாளம் தெரிந்துகொள்ளுமா?"

தெரிந்துகொள்ளும். நீங்கள்தான் ஊசி போடும் ஆள் என்று.

ஊசி என்றதும் ஒன்று. மருத்துவர் பாம்பின் முன்பாதி உடம்பில்தான் ஊசி போடுவார், மூன்று நாளுக்கு ஒருமுறை என்றும் சொல்வார். "ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டவர் உண்டு. பின்பாதியின் ரத்தம் ஒரு பகுதி நேராகச் சிறுநீரகம் வழியாகப் போவதால், அங்கே போட்டால் மருந்து வேலை செய்யும் முன் வெளியேறலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் அப்படி. செஃப்டாசிடிம் போன்ற ஆண்டிபயாடிக் மருந்துகள் பாம்பின் உடலில் மெதுவாகக் கரைவதால் 72 மணி நேர இடைவெளி. மாத்திரையைப் பாதியாக உடைத்து நீங்களே கொடுக்கலாமா என்ற அடுத்த கேள்விக்கு: கூடாது.

ஜூன் 22

சாலையில் வண்டி ஏறிய பாம்பு பற்றி. இதை எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நாக்கு வெளியே வந்து வந்து போகிறதா, மல்லாத்தினால் உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்புகிறதா அல்லது ஒரு இடத்துக்குப் பின்னால் துணிபோலத் தொங்குகிறதா, வால் நுனியைத் தொட்டால் இழுக்கிறதா: இவை பார்க்க எளியவை. தெரியாத பாம்பில் இதையும் செய்யாதீர்கள். பாம்புக்கு இனத்தைப் பொறுத்து 200 முதல் 400-க்கும் மேல் முதுகெலும்பு முடிச்சுகள். ஒன்றிரண்டு விலா முறிந்தால் தேறிவிடும். முதுகெலும்பு நொறுங்கி, கழிவுத்துளையும் செயலிழந்துபோனால் அதற்குப் பின் மிகக் கடினம். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் "வேண்டாம்" என்றால் நான் வாதாடுவதில்லை.

அதைக் கருணையோடு முடிப்பதும் மருத்துவர் வேலை. ஃபிரீசரில் வைப்பதோ, தலையை மட்டும் வெட்டுவதோ வலியில்லாத வழி என்று யாரோ எழுதியிருந்தார்கள். உறைய வைப்பது வேதனையானது. தலை துண்டான பிறகும் மூளை நெடுநேரம் உணர்வோடு இருக்கக்கூடும். முதலில் மயக்க மருந்து, பிறகுதான் எதுவும்.

ஜூலை 5

கேள்வி கேட்டவரின் சாரை மையத்தில் இருக்கிறதாம். "கண் வெள்ளையாகிவிட்டது, குருடாகிறது" என்று பதறி எழுதியிருக்கிறார். சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். நல்ல செய்தி. காயம்பட்ட பாம்புகள் வழக்கத்தைவிட அடிக்கடி உரிக்கும், ஒவ்வொரு தடவையும் புண் கொஞ்சம் சுருங்கும். அந்த நேரத்தில் தொடாமல், பெட்டியில் சற்று ஈரப்பதம் கூட்டினால் போதும். உரித்த சட்டை பழைய தழும்பில் வளையமாக ஒட்டிக்கொண்டால் மட்டும் கவனிக்க வேண்டும், அது மறுபடி நூல் போலவே இறுக்கும்.

தையலை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்றும் கேட்கிறார். ஊர்வனவற்றில் நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் விட்டு வைப்பார்கள். சில மருத்துவர்கள் ஓர் உரிப்பு முடியட்டும் என்பார்கள்.

ஜூலை 19

எப்போது விடுவது? புண் மூடியிருக்க வேண்டும், தானே இரை பிடித்துச் செரித்திருக்க வேண்டும், சட்டை சுத்தமாக உரிந்திருக்க வேண்டும், எடை குறையாமல் நின்றிருக்க வேண்டும். கூடவே குணம். ஜூன் 5-ல் சொன்னேனே, நான் கவனித்துக்கொண்ட அந்தச் சாரை, என் கையில் சோர்ந்து படுத்திருந்தது, ஒருநாள் பெட்டியைத் திறந்ததும் கழுத்தை உப்பிக்கொண்டு என் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. கூட இருந்தவர் பயந்து டம்ளரைப் போட்டுவிட்டார். எனக்கு அன்றைக்குத்தான் அது தேறிவிட்டது என்று நம்பிக்கை வந்தது. சாதுவாக இருக்கும் சாரையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எங்கே விடுவது என்பதில் கேள்வி கேட்டவர், வலையில்லாத நல்ல காடாகப் பார்த்து விடலாம் என்கிறார். மனசு புரிகிறது. ஆனால் பாம்புக்குத் தன் பொந்தும் இரையும் எங்கே என்று தெரிந்த இடம் ஒன்று உண்டு. 1999-ல் ரெய்னெர்ட், ரூபர்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வேறு இடத்தில் விடப்பட்ட டிம்பர் எனப்படும் கிலுகிலுப்பை விரியன்கள் உள்ளூர்ப் பாம்புகளைவிடத் தாறுமாறாக அலைந்தன, அதிகமாகச் செத்தன. எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதன் இயல்பான நேரத்தில் விடுங்கள். சாரை பகலில் திரிவது, காலை வெயில் ஏறியதும் சரியாக இருக்கும். வலையை அதற்கு முன் கழற்றிவிடுங்கள், அல்லது தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள்.

ஜூலை 21

பெட்டியை அடுத்த பாம்புக்குப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் பிளீச்சிங் திரவத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்க வைத்துப் பத்து நிமிடம் ஊற விட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயப்போடுங்கள். அழுக்கோடு பிளீச் ஊற்றினால் பயன் குறைவு. வட அமெரிக்காவில் காட்டுப் பாம்புகளைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது, பெட்டி வழியாகவும் கை வழியாகவும் பரவக்கூடியது. வளர்ப்புப் பாம்பு வைத்திருப்பவர்கள் அதே அறையில் காட்டுப் பாம்பை வைக்காதீர்கள். துணிப்பையைக் கொதிநீரில் துவைக்க வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி ஊர்வனவற்றில் சகஜம். அட்டைப்பெட்டியைக் கழுவ முடியாது, எறிந்துவிடுங்கள்.